அதிகாரிகள் பட்டியலில் ஒரு மான்

எங்கள் உதைபந்தாட்டக் கழக அலுவலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே என்னைத் தேடி லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். போன மாதம் வந்த தங்கச்சியும் கதிரையில் உட்காரும் முன்னரே கேட்டார்: "அக்கா, எங்கட கழகம் உயர் பிரிவில விளையாடினது உண்மையோ, இல்லாட்டி ஆக்கள் சும்மா கதைக்கிற கதையோ?"

உண்மைதான். ஒரேயொரு பருவம் விளையாடினோம். அப்போது நான் கழகச் செயலாளர். அதற்கு முன் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். பந்து வலைக்குள் போனால் ஒரு பக்கத்தார் சந்தோசப்படுவார்கள் என்பதற்கு மேல் உதைபந்தாட்டம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவேன், படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்புவேன் என்பதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் எங்களைக் கவிழ்த்தது நான் நிரப்பிய ஒரு படிவம். அதனால்தான் இதை நானே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் உயர் பிரிவுக்குப் போனது திறமையால் அல்ல. அதற்கு அடுத்த கீழ்ப் பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தோம். முதலாவதாக வந்த கழகம் இரண்டாக உடைந்து, இரண்டு பகுதியும் தாங்களே உண்மையான கழகம் என்று நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. இரண்டாவதாக வந்த அணியில் எல்லோரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்கள். உயர் பிரிவில் ஆடுமளவுக்கு அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே இடம் எங்களுக்கு வந்தது.

உதைபந்தாட்டச் சம்மேளனம் அதை அறிவித்த கடிதம் சிங்களத்தில், பெரிய முத்திரையோடு வந்தது. எங்கள் தலைவர் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தவர், நல்ல மனிதர், ஆனால் முத்திரை கண்டால் பயம். ஏதோ தண்டனை என்று நினைத்து ஒன்பது நாள் அதைத் தொழிற்சாலை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்தார். பத்தாம் நாள் என்னிடம் கொடுத்தார். நான் வாசித்துச் சொன்னேன்.

கடிதத்தை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தார். "போகாமல் விட ஏலாதோ?" என்றார்.

"ஏலாது. போகாட்டி கழகத்தைப் பதிவில இருந்து எடுத்துப் போடுவினமாம்."

"எத்தினை நாள் இருக்கு?"

"அஞ்சு."

கடிதம் வந்தால் அன்றைக்கே திறவுங்கள். கெட்ட செய்தி லாச்சிக்குள் இருந்து நல்லதாக மாறப்போவதில்லை. நல்ல செய்தி கெட்டதாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை மைதானத்துக்கு அனுமதி எடுப்பது. எங்களூர் மான்கள் கோட்டைப் பக்கத்தால் இறங்கிக் கடைத்தெருவால் நடந்து, பஸ் நிலையத்தில் பாண் ரொட்டித் துண்டுக்குக் காத்து நிற்பவை. சட்டம் அவற்றின் பக்கம். யாரும் கை வைக்க முடியாது. அந்தக் கோடையில் ஊரெல்லாம் காய்ந்து கிடந்தது. மைதானத்தில் நாங்கள் தண்ணீர் விட்டு வளர்த்த புல் மட்டும் பச்சையாக இருந்தது. சம்மேளனத்திலிருந்து மைதானம் பார்க்க ஆள் வந்த காலையில் பெனல்டி என்கிற தண்ட உதை எல்லைக்குள் ஒன்பது மான்கள் படுத்திருந்து இரை மீட்டுக்கொண்டிருந்தன.

வந்தவர் தெற்கைச் சேர்ந்தவர், முன்பு ஆட்டங்களுக்கு விசில் ஊதிய ஓய்வுபெற்ற மத்தியஸ்தர். அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் பெயரை விடுகிறேன். ஆனால் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான ஒன்றை அவரிடம்தான் கற்றேன். கையில் அளவு நாடாவோடு வந்தவர் மான்களைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. சுற்றிச் சுற்றி அளந்தார். ஒரு மான் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. அதற்கு மேலாக நாடாவைப் பிடித்து அளந்து, எழுதிக்கொண்டார். பிறகு சிங்களத்தில் என்னிடம் கேட்டார். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இதுகள் ஆருடைய மான்?"

"ஒருதருடையதும் இல்லை ஐயா. அரசாங்கத்தின்ர எண்டு சொல்லலாம்."

"ஆட்டம் நடக்கேக்க இதுகளுக்கு ஆர் பொறுப்பு?"

"ஒருதரும் இல்லை."

"அப்ப ஒருதரை நியமியுங்கோ. அதிகாரிகள் பட்டியலில போடுங்கோ. பொறுப்பான ஆள் இல்லாட்டி மைதானத்துக்கு அனுமதி இல்லை."

இப்படித்தான் எங்கள் கழகத்தில் மான் பொறுப்பாளர் என்று ஒரு பதவி உண்டாயிற்று. மைதானக் காவலாளி குணம் அண்ணையைப் போட்டோம். பாலையூற்றுக்காரர், முன்பு துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டுகிற வேலை செய்தவர்.

"கப்பலையே கட்டினனான், மானைக் கட்ட மாட்டனோ?" என்றார்.

"கட்ட ஏலாது அண்ணை. சட்டம்."

"கலைக்கலாமோ?"

"அதுவும் ஏலாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"கதைச்சுப் பாருங்கோ."

என் பிழை நடந்தது கடைசி நாளில். படிவத்தை நாலு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தலைவர் என் கதிரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பெயரை எழுதும்போதும், "இப்பவும் விலகலாமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குணம் அண்ணையின் வரிக்கு வந்தபோது, 'மான் பொறுப்பாளர்' என்ற பதவியை இரண்டாக உடைத்துவிட்டேன். பெயர் என்ற கட்டத்தில் 'மான்' விழுந்தது. பதவி என்ற கட்டத்தில் 'பொறுப்பாளர்' விழுந்தது. குணம் அண்ணையின் பெயர் எங்கேயும் விழவில்லை.

இரண்டு வாரத்தில் அடையாள அட்டைகள் வந்தன. குணம் அண்ணையின் படம், பெரிய மீசையோடு. கீழே மூன்று மொழியிலும்: பெயர், மான். பதவி, பொறுப்பாளர். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேரை விட்டிட்டினம். ஆனா படம் வடிவா வந்திருக்கு."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். கப்பல் அலுவலகத்தில் ஒரு மாலுமியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திருத்தாமல் வீட்டுக்குப் போகமாட்டேன். இங்கே, அடுத்த வாரம் திருத்தலாம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். தம்பி தங்கைமாரே, பயம் தருகிற பிழையை நீங்கள் எப்படியும் திருத்திவிடுவீர்கள். சிரிப்பு வருகிற பிழையில்தான் கவனமாக இருங்கள். அதை யாரும் திருத்துவதில்லை.

குணம் அண்ணை வேலையில் கெட்டிக்காரர். மானை விரட்ட முடியாது, ஆனால் கோவா எனும் முட்டைக்கோஸ் இலை காட்டினால் பின்னால் வரும் என்று ஒரு கிழமையிலேயே கண்டுபிடித்தார். ஆட்ட நாட்களில் ஒரு பேசின் நிறைய இலையோடு அவர் முன்னே நடப்பார். மான்கள் வரிசையாகப் பின்னால் நடந்து மைதானத்தை விட்டு வெளியேறும். சனம் கைதட்டும். நானும் என் குசினியில் மிஞ்சுகிற கோவா இலை, கரட் தலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் ஒரு கொம்பு உடைந்த கிடா மான் ஒன்று, ரிக்கெற் விற்கிறவர் வருவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கத் தொடங்கியது. அது மட்டும் மற்ற மான்களோடு போகாது, குணம் அண்ணையோடு நிற்கும். அவர் அதற்குத் தனியாகக் கோலுக்குப் பின்னால் ஒரு பேசின் வைத்தார்.

இடைக்கிடை ஏதாவதொன்று உள்ளே புகுந்துவிடும். எங்கள் பயிற்றுநர் ஜவ்பர் நானா கிண்ணியாக்காரர். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர். அவர் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: "மான் உள்ளுக்க வந்தா வெளியூர்க்காரன் நிண்டு பாப்பான். போனையும் எடுப்பான். நாம நிக்கப்படா. மத்தியஸ்தர் விசில் ஊதுற வரைக்கும் ஓடணும்." அப்படி ஓடி இரண்டு கோல் போட்டோம். முறைப்பாடு ஒன்றும் வரவில்லை, அவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. எல்லாம் சமநிலை. வெளியூரில் எல்லாம் தோல்வி. ஒருமுறை மட்டும் எங்களூருக்கு வரவிருந்த எதிரணியின் பஸ் பழுதாகி வராமல் போனதால் எங்களுக்குப் புள்ளி கிடைத்தது. நாங்கள் விளையாடாத அந்த ஆட்டத்தைத் தலைவர் நெடுநாள் புகழ்ந்துகொண்டிருந்தார்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், தென்கரையோர அணியொன்றோடு. சமநிலை வந்தால் நாங்கள் உயர் பிரிவில் நிற்போம், அவர்கள் இறங்குவார்கள். அவர்கள் வென்றால் நாங்கள் இறங்குவோம்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோல்காப்பாளர் சுதன், சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீன்பிடிகாரர். கடலில் மீன் இருந்தால் பயிற்சிக்கு வரமாட்டார். வந்தால் அவரைத் தாண்டிப் பந்து போகாது. அன்று அவர் முன்னால் ஓடி வந்துவிட்டார். அவர்களுடைய முன்வரிசை வீரர் பந்தை அவருக்குப் பக்கத்தால் உருட்டி விட்டார். பந்து வெறும் கோலை நோக்கிப் போனது. 

அந்த நேரம் கொம்பு உடைந்த மான் தன் இலையைத் தின்று முடித்துவிட்டது. கம்பத்தைச் சுற்றி நடந்து வந்து கோல் கோட்டின் மேல் நின்று கடற்பக்கம் பார்த்தது. பந்து அதன் வயிற்றில் தொம் என்று பட்டுத் திரும்பி வந்தது. மான் ஓடக்கூட இல்லை. சுதன் பாய்ந்து பந்தின் மேல் விழுந்தார்.

மத்தியஸ்தர் விசிலை ஊதிவிட்டு, அந்த விசிலையே பார்த்துக்கொண்டு நின்றார். விதிப்படி, வெளியாலிருந்து வந்த ஏதோ ஒன்று பந்தைத் தடுத்தால் கோல் இல்லை. பந்தைச் சுதனுக்கு முன்னால் போட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சனம் சுதனைத் தூக்கியது. மானையும் தூக்கப் பார்த்தார்கள், அது சம்மதிக்கவில்லை. குணம் அண்ணை கண்ணீரோடு தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மானின் கழுத்தில் போட்டார். யாரோ கைபேசியில் படமெடுத்தார்கள். பொழுதுபடும் முன்னரே நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. பெரிதாக்கிப் பார்த்தவர்கள் அட்டையையும் வாசித்தார்கள். பெயர்: மான்.

மூன்றாம் நாள் எதிரணியின் முறைப்பாடு வந்தது. இரண்டே பக்கம். எங்கள் அதிகாரிகள் பட்டியலில் 'மான்' என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். படத்தில் மான் அதிகாரியின் அட்டையை அணிந்திருக்கிறது. அணி அதிகாரி ஒருவர் மைதானத்துக்குள் நுழைந்து பந்தைத் தடுத்தால் எதிரணிக்குத் தண்ட உதை கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தங்களுக்குத் தண்ட உதை வேண்டும். அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட முறைப்பாட்டை நான் அதற்கு முன்பும் பிறகும் வாசித்ததில்லை. எழுதியவர் யாரென்று தெரிந்தால் எங்கள் அலுவலகத்துக்கே எடுத்திருப்பேன்.

விசாரணைக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். தலைவர், ஜவ்பர் நானா, குணம் அண்ணை, நான், நால்வரும் ஒரு வான் வண்டியில் போனோம். குணம் அண்ணை கலியாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். ஹபரணை தாண்டியதும் தலைவர் மெதுவாகத் தொடங்கினார்.

"பிள்ளை, அட்டைப் பிழையைச் சொல்லுங்கோ. அது எழுத்துப் பிழை, ஆருக்கும் வரும். இலை போட்ட கதையை மட்டும் சொல்லாதேங்கோ. கேட்டா, இல்லை எண்டு ஒரு சொல்."

"குணம் அண்ணையையும் கேட்பினமே."

"நான் தங்கச்சி சொல்லுறதைத்தான் சொல்லுவன்" என்றார் குணம் அண்ணை. "ஓம் எண்டா ஓம். இல்லை எண்டா இல்லை."

அது எனக்கு உதவியாக இருக்கவில்லை. ஜவ்பர் நானாவைப் பார்த்தேன். அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, "பொடியன்மார் இந்த வருஷம் ஓடின ஓட்டம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எந்தப் பக்கமும் அர்த்தம் எடுக்கலாம்.

விசாரணை அறைக்கு வெளியே மர வாங்கில், மைதானம் அளக்க வந்த அந்த ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் இருந்தார். கடைசி ஆட்டத்தை மேற்பார்வையிடும் ஆணையாளராக வந்தவரும் அவர்தான். சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். நான் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைக் கண்டிருப்பார். கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

"நான் மத்தியஸ்தத்துக்கு வந்த புதுசில ஒரு கோல் கொடுத்தனான். இடைவேளையில வலையைப் பார்த்தா பக்கத்தில ஓட்டை. பந்து வெளியால போய் ஓட்டைக்குள்ளால வந்திருக்கு. ஒருதரும் காணேல்லை. நான் என்ர சப்பாத்துக் கயிறைக் கழட்டி ஓட்டையைக் கட்டிப்போட்டு, ஒண்டும் சொல்லாமல் வந்திட்டன். அந்தக் கோலால வெண்ட கழகம் இண்டைக்கும் எனக்கு ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் வாழ்த்து மட்டை அனுப்புது."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. வருஷா வருஷம் அந்த மட்டை வருது. அதைத்தான் தாங்க ஏலாது."

எனக்கு அவர் வேறு புத்தி எதுவும் சொல்லவில்லை.

உள்ளே மூவர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி ஒரு சட்டத்தரணி, ஒருமுறைகூடச் சிரிக்காதவர். குணம் அண்ணையை முதலில் கூப்பிட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"உங்களுடைய பெயர் என்ன?"

"குணரத்தினம்."

"அப்ப பட்டியலில இருக்கிற மான் ஆர்?"

"நான்தான் அம்மா."

"படத்தில இருக்கிற மான் ஆர்?"

"அது மான்."

"மைதானத்துக்குள்ள போய்ப் பந்தைத் தடுத்தது ஆர்?"

"மான்."

"எந்த மான்?"

குணம் அண்ணை யோசித்தார். "நான் இல்லை அம்மா. மற்ற மான்."

எதிரணியின் பிரதிநிதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, அந்தப் படிவத்தை எப்படி நிரப்பினேன், எந்தக் கட்டத்தில் எது விழுந்தது, அட்டை வந்த பிறகும் ஏன் திருத்தவில்லை என்பதையெல்லாம் சொன்னேன். திருத்தாமல் விட்டதற்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டு விட்டோம் என்றேன். தலைவி இரண்டு பக்கமும் இருந்தவர்களோடு மெதுவாகக் கதைத்தார்.

"எழுத்துப் பிழை என்று ஏற்றுக்கொள்கிறோம். மிருகம் அதிகாரி அல்ல."

எங்கள் தலைவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எதிரணியின் பிரதிநிதி பேனையை மூடினார். நான் உட்காரப் போனேன்.

"ஒரு கேள்வி" என்றார் தலைவி. "அப்படியானால் அந்த மிருகம் அந்த இடத்தில் நின்றதற்குக் கழகம் ஏதாவது காரணமா?"

எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் 'இல்லை' மிகச் சின்னச் சொல். அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் இன்றைக்கும் உயர் பிரிவில் இருந்திருக்கலாம். குணம் அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் எதைச் சொன்னாலும் அவர் வாயும் அதையே சொல்லும். பொய்யானால் அவரையும் அதில் சேர்க்கப் போகிறேன். அந்த வெள்ளைச் சேர்ட்டைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது.

"ஓம்" என்றேன். "நாங்கள்தான் பழக்கினோம். கோலுக்குப் பின்னால் கோவா இலை வைத்தோம். அன்றைக்கும் வைத்தோம். அதில் பாதி என் வீட்டு இலை. பந்தைத் தடுக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் நாங்கள் கூப்பிடாவிட்டால் அது அங்கே நின்றிருக்காது."

தலைவி குணம் அண்ணையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் அவர். கொஞ்சம் நிம்மதியாகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு மணித்தியாலம் வெளியே இருத்தினார்கள். தீர்ப்பு இதுதான்: மான் அதிகாரி அல்ல, ஆனால் கழகம் அதை அழைத்து, இடம் ஒதுக்கி, உணவு கொடுத்து, அந்த இடத்தில் நிற்கப் பழக்கியிருப்பதால் அதன் தடுப்புக்குக் கழகமே பொறுப்பு. எதிரணிக்கு ஒரு தண்ட உதை. அதே மைதானம், அதே கோல், அதே கோல்காப்பாளர். இரண்டு அணியும் முழுதாக வர வேண்டும். உதைத்தவுடன் ஆட்டம் முடியும்.

திரும்பி வரும் வழியில் வானில் யாரும் கதைக்கவில்லை. ஊரில் கதைத்தார்கள். அடுத்த நாள் மீன்கடையில் மீன் நிறுத்தவர் தராசை இரண்டு தரம் சரிபார்த்தார். "அக்கா உண்மை பேசிற ஆள். நிறையில ஒரு கிறாம் பிழைச்சாலும் கொழும்பில போய்ச் சொல்லிப்போடுவா" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். என் மைத்துனர் ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தலைவர் தொலைபேசியில் அலுவலக விடயம் மட்டும் பேசினார். நான் சரியாகச் செய்தேன் என்று அந்த நாட்களில் எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். சரியானதைச் செய்துவிட்டு வந்தால் நெஞ்சு இலேசாக இருக்கும் என்று சொல்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ட உதைக்குக் குறித்த நாள் வந்தது. தென்கரையோர அணி விடிவதற்கு முன்பே வெளிக்கிட்டு, எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து இறங்கியது, ஒரு உதைக்காக. இருபத்திரண்டு பேரும் முழு உடுப்போடு, சப்பாத்துக் கட்டி, உடம்பைச் சூடாக்க ஓடினார்கள். ஊரில் பாதி வந்திருந்தது; கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ். குணம் அண்ணை காலையிலேயே பேசினைத் தூக்கிக்கொண்டு எல்லா மான்களையும் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பார்க்க ஏலாது என்றார்.

அவர்களுடைய வீரர் பந்தை வைத்தார். சுதன் கோட்டில் நின்றார். விசில். சுதன் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவருடைய விரலில் பட்டு, கம்பத்தின் உட்புறத்தில் பட்டு, உள்ளே போனது. மீண்டும் விசில். அவ்வளவுதான். நாங்கள் உயர் பிரிவிலிருந்து இறங்கிவிட்டோம்.

 வென்றவர்களுக்கும் கத்தலாமா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர், அப்போதுதான் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தவர், "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

நான் சுதனிடம் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். அவர் புல்லில் இருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சுதன், என்னால..."

"விடுங்கோ அக்கா. அண்டைக்கும் அது கோல்தான். எனக்கு எட்டேல்லை. பந்து என்னைத் தாண்டேக்கயே எனக்குத் தெரியும்." கையுறையைப் பக்கத்தில் வைத்தார். "அண்டைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போகேக்க எனக்கு இறங்க வேணும் போல இருந்தது."

பிறகு எதிரணியினரைப் பார்த்தார். அவர்கள் எங்கே போவதென்று தெரியாமல் நடு மைதானத்தில் நின்றார்கள்.

"எட்டு மணித்தியாலம் வந்தவங்கள் அக்கா. பதினொரு பேர் வந்து, ஒருத்தன் ஒருக்கா உதைச்சிருக்கிறான். இப்பிடியே திருப்பி அனுப்பிறதோ?"

அவர் எழுந்து போய் அவர்களுடைய அணித்தலைவரிடம் கையால் பந்தைக் காட்டி ஏதோ கேட்டார். அவர் தன் வீரர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து என்னைப் பார்த்தன. ஜவ்பர் நானாவும் பார்த்தார். "என்ன அக்கா செய்ற?"

மைதான அனுமதி ஒரு உதைக்கு மட்டும்தான். காப்புறுதி அதற்கு மட்டும்தான். யாருக்காவது கால் முறிந்தால் கையெழுத்துப் போட்டவள் நான். வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் தலைவர் வந்துகொண்டிருந்தார். மூன்று கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். நான் அவரைப் பார்த்து நின்றேன்.

"ஐஸ் பெட்டி ஆறு கொண்டந்திருக்கு" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நிறையத் தண்ணிப் போத்தல். ஒருதரும் ஓடாட்டி ஆர் குடிக்கிறது?"

அன்றும் ஆணையாளராக வந்திருந்த அந்த ஓய்வுபெற்ற மத்தியஸ்தர் பக்கத்தில் நின்றார். அறிக்கையில் உதையை எழுதி முடித்திருந்தார். "இனி நடக்கிற ஆட்டத்துக்கு ஏதும் படிவம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

நான் கோப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். "அப்ப விளையாடுங்கோ" என்றேன்.

ஆணையாளர் கழுத்துப் பட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு தானே நடுவில் போனார். அந்த வயதிலும் நன்றாக ஓடினார். சுதன் கோலில் நிற்க மறுத்துவிட்டார், முன்வரிசைக்குப் போனார். பருவம் முழுக்க நடுங்கிக்கொண்டு ஆடிய எங்கள் பொடியன்மார், இழக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும், இதுவரை நான் காணாத ஆட்டம் ஆடினார்கள். எதிரணி வீரர்கள் கோல் வாங்கும்போதெல்லாம் சிரித்தார்கள். தண்ட உதையை அடித்தவர் எங்கள் பக்கத்துக்கு மாறி ஆடி ஒரு கோல் போட்டார். சுதன் இரண்டு போட்டார். தலைவர் என் பக்கத்தில் இருந்து போத்தலைத் திறந்து எனக்கு ஒன்று தந்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

பந்து கண்ணுக்குத் தெரியாத நேரம் வந்தபோதுதான் நிறுத்தினோம். அந்தப் பருவத்தில் எங்கள் மைதானத்தில் நாங்கள் வென்றது அந்த ஒரு ஆட்டம் மட்டும்தான். ஆறுக்கு இரண்டு. நாங்கள் ஆறு.